விளையாட்டுப் பெட்டியில் பிள்ளையார்

எங்கள் சந்தில் யார் எதைச் சொன்னாலும் "போட்டுருவோம்" என்று சொல்லும் ஒரு மனிதர் இருந்தார். தச்சு வேலை செய்பவர். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். தாராவியில் நின்று அண்ணாச்சி என்று சத்தம் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பெயர் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தன் பெயரை அச்சில் பார்த்தால் கூச்சப்பட்டு நாலு நாள் வெளியே தலைகாட்ட மாட்டார்.

எங்கள் அடுப்படியில் ஒரு பலகை அடிக்க அவரைத்தான் கூப்பிட்டோம். கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும் என்றார் என் வீட்டுக்காரர். ஆவி படாத உயரத்தில் இருக்கட்டும் என்றேன் நான். அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு பலகை இருந்தது. கீழ்ப்பலகை நான் குனிந்து நிமிரும்போதெல்லாம் மண்டையில் இடித்தது. எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி என்றேன், எடுத்தார். வீட்டுக்காரர் வந்து ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார், மறுபடியும் போட்டார். இதில் அவர் யார் மேலும் கோபப்படவில்லை. ஸ்க்ரூவை மட்டும் பழைய ஓட்டையிலேயே கச்சிதமாக இறக்கினார்.

கணபதி திருவிழா வந்தால் எங்கள் சந்து ஜோடனை அவர் பொறுப்பு. ஒரு வருஷம் ஒருவர் மலை வேண்டும் என்றார், ஒருவர் அருவி என்றார், ஒருவர் லோக்கல் ரயில் ஓடினால் நன்றாயிருக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் போட்டுருவோம்தான். கடைசியில் மலைக்குப் பின்னால் கணபதி மறைந்துபோனார். யாரோ ஒரு கண்ணாடி வைக்கச் சொல்ல, அதையும் வைத்தார். அந்த வருஷம் நாங்கள் பத்து நாளும் கண்ணாடியில் பார்த்துத்தான் கும்பிட்டோம்.

அவர் வீட்டில் "வேண்டாம்" என்று சொல்கிற வேலையை மதினி பார்த்துக்கொண்டார். மதினி என்றால் அண்ணாச்சியின் சம்சாரம். வாசலில் கூடை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அண்ணாச்சியிடம் ஏதாவது கேட்க வந்தால், உள்ளே நுழைவதற்கு முன்பே, "அவியளுக்கு நேரமில்ல, போயிட்டு வா" என்று திருப்பிவிடுவார். மதினி ரேஷன் கடைக்குப் போகும் நேரம் பார்த்து ஆள்கள் வருவார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

அந்த மதினிக்கு ஒரு நாள் காலையில் மாவு கரைக்கும்போது கை நழுவியது. பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரத்தில் வாய் சரியாயிற்று, நடையும் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும், அடுத்தவர் கை மாதிரி.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். முதல் சில மாதங்களில் விரலுக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு, விட்டால் மடங்கி இறுகிவிடும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். மதினி அந்தப் பந்தை வீட்டுக்கு வந்த அன்றே பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

"நான் என்ன பச்சப் பிள்ளையாளா, பந்து வச்சு வெளையாட?"

அதற்குப் பிறகு மதினி அதிகம் பேசவில்லை. வாசலிலும் உட்காரவில்லை. ஆள்கள் நேராக அண்ணாச்சியிடம் போனார்கள்.

அவர்கள் மகளைத் தாணேயில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாற்றத்துக்கு ஆகட்டும் என்று அந்தப் பெண் அம்மாவை ஒரு வாரம் கூட்டிப் போனாள். அங்கே ஒரு மாலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், ஆள் உயரப் பெட்டி, முன்னால் டிவி, கீழே பொத்தானும் குச்சியும். பேரனுக்காகப் போனவர், பெஞ்சில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தூக்கி அந்தக் குச்சி மேல் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் அசைத்தும் இருக்கிறார். "அம்மா சிரிச்சாங்கப்பா" என்று மகள் போனில் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ மக்கா, மால்ல வச்சிருக்கானே வெளையாட்டுப் பெட்டி, அத நம்ம வீட்டுல செய்ய முடியுமா?"

"பெட்டிய நீங்க செஞ்சிருங்க மாமா. உள்ள இருக்கிறத நான் பாத்துக்கிறேன். ஒரு பழைய டிவி, ஒரு சின்ன போர்டு, ஆன்லைன்ல பட்டன் வாங்கினா பஸ், ஹோ கயா, அவ்வளவுதான்."

"அப்ப செஞ்சிருவோம்."

அவர் வேலை பார்த்த ஃபர்னிச்சர் பட்டறையில் மிஞ்சிய பிளைவுட் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதலில் மதினியை நாற்காலியில் உட்கார வைத்து அளவெடுத்தார். முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், கை நீட்டினால் எவ்வளவு தூரம், நிமிர்ந்து பார்த்தால் கண் எங்கே படுகிறது. பட்டறையில் பெட்டிக்குப் போடும் அளவு ஒன்று உண்டாம், அதை அவர் பார்க்கவே இல்லை. ரவிக்கைக்கு அளவெடுப்பது மாதிரி எடுத்தார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னத்தையோ பண்ணுங்க" என்றார். குச்சி, பொத்தான் இரண்டையும் வலது கை தானாக விழும் இடத்தில் வைத்தார். இடது பக்கம் வெறும் பலகைதான்.

பெட்டி நிமிர்ந்து நின்றதும் சந்து முழுக்க யோசனை சொல்ல வந்தது. வாசலில் மதினி இல்லையே, யார் தடுப்பது. நகர்த்த வசதியாகச் சக்கரம் வைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். போட்டார். பக்கத்து அறை மராட்டிக்கார மௌசி, டிவியைச் சுற்றிச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்தால் ஜொலிக்கும் என்றாள். பதித்தார். என் மகள் நிறம் மாறும் லைட் பட்டை வேண்டும் என்றாள், இஸ்திரிக்காரர் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வளையம் என்றார். ஒரு பக்கம் தேக்கு மாதிரி சன்மைக்கா, மறுபக்கம் பளிங்கு மாதிரி சன்மைக்கா, ஏனென்றால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். உச்சியில் பெயர்ப்பலகைக்கு இடம் விட்டிருந்தார். ஐந்து பேர் ஐந்து பெயர் சொன்னதால் ஐந்தையும் பொடி எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்.

"கல்யாண வீட்டு பேண்டு வண்டி மாதிரில்லா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஒங்க சக்கரமும் அதுலதான் இருக்கு" என்றேன்.

மகள் உள்ளே வைத்த விளையாட்டு எளிமையானது. மேலேயிருந்து பழம் விழும். கீழே கூடை இருக்கும். குச்சியை அசைத்துக் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் ஆட்டம் தொடங்கும். மூன்று பழத்தைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது.

முதல் நாள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மதினி வலது கையைக் குச்சி மேல் வைத்து நாலு பழம் பிடித்தார். கைதட்டினோம். மறுநாளிலிருந்து நாங்கள் போகும்போதெல்லாம் மதினி விளையாடியபடி இருப்பார். சாயங்காலம் பார்த்தால் திரையின் ஓரத்தில் நூறு, நூற்றைம்பது என்று எண் ஏறியிருக்கும். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அண்ணாச்சி மட்டும் எண்ணைப் பார்ப்பார், பிறகு நாற்காலியைப் பார்ப்பார். அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்குள் பெட்டி சந்துக்குப் பொதுவாகிவிட்டது. வருகிறவர்கள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போவார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல அண்ணாச்சியால் முடியாது. டீ கிளாஸை அதன் மேல் வைப்பார்கள். தோற்றுப்போனால் அடிப்பலகையில் ஒரு உதை விடுவார்கள். ஒருவன் பான் மென்றுகொண்டே ஆடி, பளிங்குச் சன்மைக்காவில் சிவப்பாகத் தெறித்துவிட்டுப் போனான். மதினி அதை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

என் புத்தியில் ஒன்று உதித்தது. பெரிய ரோட்டுக் கட்டடத்தில் மாடிப்படி மூலையெல்லாம் ஒரு காலத்தில் பான் எச்சிலாக இருக்கும். எந்த வாட்ச்மேனாலும் தடுக்க முடியவில்லை. மூலைக்கு மூலை சாமி டைல்ஸ் பதித்தார்கள், அதோடு நின்றது. பம்பாயில் இருப்பவர்களுக்கு இது புதிது இல்லை. சாமி இருக்கும் இடத்தில் எவன் துப்புவான், எவன் உதைப்பான்?

"அண்ணாச்சி, பெட்டியில சாமி படம் ஒட்டிருவோமா?"

"ஒட்டிருவோம்."

மாட்டுங்கா கோயில் வாசல் கடையில் நானே போய் நல்ல தடிமனான ஸ்டிக்கராகப் பார்த்து வாங்கினேன். அடிப்பலகையில் சாமியை வைக்கக் கூடாது, கால் படும். ஆகையால் தேக்குப் பக்கம் முருகன், பளிங்குப் பக்கம் மாரியம்மன், மௌசி கொடுத்த விட்டோபா, நம்ம பாண்டுரங்கன்தான், டிவிக்கு மேலே. பிள்ளையாருக்கு எங்கே இடம்? கை வைக்கும் பலகையில், குச்சிக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் இருந்தது. எந்தக் காரியமும் பிள்ளையாரிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று, அங்கே ஒட்டினேன். சுருக்கம் விழாமல் துணியால் தேய்த்து, சூடம் காட்டிவிட்டு வந்தேன். அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது.

நான் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. உதை நின்றது. டீ கிளாஸ் நின்றது. ஆட வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றியவர்கள் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒற்றிக்கொண்டவர்களுக்கு அதற்குப் பிறகு எப்படி ஆடுவது என்று தெரியவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மௌசி ஒரு செம்பருத்தி வைத்தாள். மறுநாள் இஸ்திரிக்காரர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து பாட்டில் வளையத்தில் செருகினார். ஒரு வாரத்தில் அது எங்கள் சந்துக் கோயில்.

மதினியும் ஆடவில்லை.

நாலைந்து நாள் கழித்துத்தான் நான் கவனித்தேன். நாற்காலி சுவரோரம் போயிருந்தது. மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மதினி, ஆட்டத்தக் காணும்?"

"எப்பிடி ஆட? கை அசைஞ்சா பிள்ளையார் மேலல்லா படுது."

"பட்டா என்ன மதினி? கும்பிட்டுக்கிட்டு ஆட வேண்டியதுதான்."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏளா, எடது கையி. எடது கையால பிள்ளையாரத் தொடவா சொல்லுத?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நூறும் நூற்றைம்பதும் இடது கை பிடித்த பழங்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் கையை மாற்றிக்கொண்டிருக்கிறார். "எல்லாரும் ஆசையா கைதட்டுதிய. இந்தக் கையால நாலு பழத்துக்கு மேல ஆவல. நான் என்ன செய்ய?" என்று கண்ணைத் துடைத்தார். அதையும் இடது கையால்தான் துடைத்தார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பயிற்சிப் பெண் மதினியின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாகப் பிரியவில்லை. "வீட்டில் செய்கிறாரா, இல்லையா?" என்று இந்தியில் என்னைக் கேட்டாள். இப்படியே போனால் இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் கையை விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். நான் உள்ளுக்குள் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். உதையை நிறுத்தப் போய் ஆட்டத்தையே நிறுத்திவிட்டேனே.

படத்தை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஒட்டிய பிள்ளையாரை எப்படி எடுப்பது? பிளேடு வைத்துச் சுரண்ட எனக்குத் தைரியம் இல்லை. கோயில் குருக்களைக் கேட்டேன். மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து மேலே போட்டு ஊறவிட்டு, மெதுவாக உரித்துக் கடலில் விட்டுவிடுங்கள், தோஷம் இல்லை என்றார். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, புதுத் துணி எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மதினி குளிக்கப் போயிருந்தார். அண்ணாச்சி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் பண்ணுன தப்பு. பிள்ளையார எடுத்துருதேன்."

"வேண்டாம் தங்கச்சி."

நான் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். பத்து வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை.

"மதினி எடது கையாலதான் ஆடிக்கிட்டு இருந்திருக்காவ. ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்." பெட்டிக்கு முன்னால் தரையைக் காட்டினார். "நாற்காலிய நான் வச்ச எடத்துல வைக்கேன். சாயங்காலம் வந்து பாத்தா ஒரு சாண் வலப்பக்கம் போயிருக்கும். எடது கை எட்டணும்னாதான் அப்பிடித் தள்ளணும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியளா?"

"சிரிச்சாளே. எப்பிடிச் சொல்ல?"

"இப்ப சிரிக்கவும் இல்ல, ஆடவும் இல்லயே அண்ணாச்சி! ரெண்டு கையும் சும்மா கெடக்கே!"

"கெடக்கட்டும். எடது கை ஆடுனப்ப வலது கை நல்லா ஒறங்கிச்சி. இப்ப எடது கைக்கு வழி இல்ல. ஆசை வந்தா வலது கைதான் எந்திரிக்கணும்."

"இது சாமிய வச்சு ஆளக் கட்டிப் போடுத மாதிரி இருக்கு. பாவம் இல்லையா?"

"ஒட்டுனது நீ. நான் எடுக்க மாட்டேன்னு மட்டும்தான் சொல்லுதேன்." சொல்லிவிட்டு, பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். டிவி வெளிச்சம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தோடு நான் நின்றேன்.

அதன் பிறகு அந்த மனிதரை நான் வேறு ஆளாகப் பார்த்தேன். தாணேயிலிருந்து மகள் போனில் சத்தம் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "அப்பா, ஊருல உள்ளவங்க சொன்னதெல்லாம் போட்டீங்கள்ல? அம்மாவுக்காக ஒண்ண எடுக்க மாட்டீங்களா?" மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் போய்ப் பேசினார். மௌசி போய்ப் பேசினாள், ஏனென்றால் அவளுக்கும் மதினி முகம் வாடியது பொறுக்கவில்லை. எல்லோருக்கும் மாட்டேன்தான். குரலை உயர்த்தவில்லை, காரணமும் சொல்லவில்லை. முன்பு எப்படிச் சிரித்துக்கொண்டு போட்டுருவோம் என்பாரோ, அதே சிரிப்போடு மாட்டேன் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கிறுக்குப் பிடிச்சிட்டோ இவருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

மதினி அவரோடு பேசுவதை நிறுத்தினார். என்னிடம் சொன்னார்: "எனக்குன்னு சொல்லிச் செஞ்சாவ. பொறவு தெருவுக்குக் குடுத்தாவ. இப்ப சாமிக்குக் குடுத்துட்டாவ. எனக்குன்னு இவியகிட்ட ஒண்ணும் நிக்காது." ஒருவகையில் உண்மைதானே.

அண்ணாச்சி தினமும் காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். நாற்காலியைத் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். திரையில் கூடை காலியாக அசையாமல் நிற்கும். பதினோரு நாள் அப்படி. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், சந்து முனையில் நின்றுகொண்டு உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி?" என்றேன். "ஒண்ணுமில்ல தங்கச்சி. ஆட்டச் சத்தம் கேக்குதான்னு பாத்தேன்" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒருவேளை நான் நினைக்கிற மாதிரி அது உறுதி இல்லை, அவருக்கும் பயம்தான் என்று அப்போது தோன்றியது. அவருக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. செவ்வரளி வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் ஏறும்போதே உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மதினி குளித்துவிட்டு ஈரத்தலையோடு பெட்டிக்கு முன்னால் இருந்தார். முருகனைத் துடைத்து முடித்திருந்தார். பிள்ளையார் மேல் ஊதுபத்திச் சாம்பல் படிந்திருந்தது. துணி அவர் வலது கையில் இருந்தது. இருந்தது என்றால் பிடித்திருக்கவில்லை, உள்ளங்கைக்குள் வைத்து விரலை மடக்கியிருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தூக்கிப் பிள்ளையார் மேல் வைத்து, இடமும் வலமுமாகத் துடைத்தார். சாமி காரியம் என்றால் அவருக்கு அந்தக் கைதான்.

துடைக்கும்போது விரல் பொத்தானில் பட்டது. ஆட்டம் தொடங்கும் சத்தம் வந்தது. மதினி திடுக்கிட்டுப் போனார். ஒரு மாம்பழம் விழத் தொடங்கியது. கூடை இடது ஓரத்தில் இருந்தது. மதினி மாம்பழத்தைப் பார்த்தார். துணி கீழே விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்தபடியே வலது கையைக் குச்சி மேல் இழுத்துவிட்டார். பழம் தவறிப்போனது.

"சவம்" என்று பழத்தைத் திட்டினார்.

அடுத்த பழத்துக்கு இடது கை மணிக்கட்டை விட்டுவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அடுத்ததும் போனது. மூன்றாவதும் போய் ஆட்டம் முடிந்தது. நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினார். அமுக்க நேரம் எடுத்தது. அரைமணி நேரத்தில் ஏழு பழம். அவ்வளவுதான். நான் அரளியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். சொன்னதும் அந்தப் பக்கம் இழைப்பு மெஷினை அணைத்தார். பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டார்.

"வலது கை அண்ணாச்சி."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"நான் இப்ப வரல. ஆள் வந்தா நிறுத்திருவா" என்று போனை வைத்தார்.

இது பிள்ளையார் செய்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். என் வீட்டுக்காரர் அது பிடிவாதம் செய்தது என்பார். அண்ணாச்சியைக் கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்பார். அந்தப் பதினோரு நாளோடு அவருக்கு மாட்டேன் தீர்ந்துவிட்டது. அந்த வருஷம் கணபதிக்கு மறுபடியும் மலை, அருவி, கூடவே ஒரு ஹெலிகாப்டர்.

மதினி மறுபடியும் அவரோடு பேசத் தொடங்க இன்னும் ஒரு வாரம் ஆனது. முதலில் பேசியது திட்டுத்தான். "குச்சியக் கொஞ்சம் தாத்தி வச்சா என்ன? ஆள அளந்து செஞ்சாராம்!" அவர் அன்றைக்கே தாழ்த்தி வைத்தார்.

கை முழுதாகத் திரும்பியது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. சடை பின்ன வராது. கூடை பின்னவும் வராது. டம்ளர் பிடிக்க வரும், சாதம் பிசைந்து சாப்பிட வரும். பயிற்சிப் பெண் அதையே பெரிது என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து மகள் வீட்டோடு போய் இருப்பது என்று முடிவாகி, தாணேக்குக் கிளம்பினார்கள். பெட்டியும் போயிற்று. டெம்போக்காரன் படுக்க வைத்துக் கட்டலாம் என்றான். சந்தே சேர்ந்து கத்தியது, சாமியைப் படுக்க வைக்கக் கூடாது என்று. அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் நிற்க வைத்தே கட்டி, கயிறு முருகன் முகத்தில் படாமல் துணி மடித்து வைத்து ஏற்றினார்கள். மின்கம்பி தட்டாமல் இருக்க, பெரிய ரோடு வரைக்கும் என் வீட்டுக்காரர் ஒரு கம்போடு முன்னால் நடந்தார்.

டெம்போவில் ஏறும் முன் மதினி என்னைக் கூப்பிட்டார். இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். வலது கை விரலை அதில் தொட்டார். நான் குனிந்தேன். கை நடுங்கி வந்தது. பொட்டு நெற்றி நடுவில் விழவில்லை, இடது புருவத்துக்கு மேலே விழுந்து கொஞ்சம் இழுபட்டது. மதினி தன் முந்தானையை எடுத்துத் துடைக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி சிமிழை மூடிக்கொண்டே என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூல் பிடித்த மாதிரி நேராக இல்லாத எதையும் பொறுக்காத கண் அது. இதை அப்படியே விட்டுவிட்டார். ஏறிக்கொண்டார்.

அன்று அப்படியே மார்க்கெட்டுக்குப் போனேன். காய்க்காரி, "என்னக்கா, பொட்டு எங்கயோ போகுது?" என்று சிரித்தாள். வைத்தவர் கை அப்படி என்றேன். குளிக்கும் வரைக்கும் நான் அதைத் தொடவில்லை.